சரிவில் நிறுத்திய கார்

எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவனை நினைத்தால் இப்போதும் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அண்ணனை நினைத்தால் அதைவிட ஜாஸ்தி.

கண் மங்கிவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று அப்பாவிடம் டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா வேங்கிக்காலில் என்னோடு இருக்கிறார். கியர் போட்டு ஓட்டும் அவருடைய பழைய காரும் எங்கள் போர்ட்டிகோவில்தான் நிற்கிறது. வேலூரில் இருக்கும் அண்ணனிடம் கியரே மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது. அப்படியும் போனில் கூப்பிட்டு, ஓட்ட ஆள் இல்லாத வீட்டில் கார் எதற்கு, தன் மச்சானுக்குக் கொடுத்துவிடலாம் என்றான். அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு எதில் கூட்டிப்போவது என்று கேட்டேன். ஆட்டோ இருக்கிறதே என்றான். நானே ஓட்டுவேன் என்றதும் சிரித்தான். அடுத்த மாதம் வருகிறேன், வீட்டுக்குள் ஏற்றிக் காட்டு, ஏற்றிவிட்டால் நீயே வைத்துக்கொள் என்றான். அந்தச் சிரிப்புக்காகவே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

எங்கள் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள், நாளைக்கு ரோட்டை உயர்த்திப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து வீட்டைத் தூக்கிக் கட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் சாக்கடையைத் தாண்டி ஒரு சிமெண்ட் சரிவு இருக்கும். எங்களுடையது ரொம்ப மோசம். வேகமாக ஏறினால் கார் உள்சுவரில் முட்டும். தயங்கினால் பாதியில் அணைந்து பின்னால் உருளும். கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து ஏற்றினால்தான் உண்டு. அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும்.

டிரைவிங் ஸ்கூல்காரன் என்னைவிடச் சின்னவன். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் என்பதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். பக்கத்து சீட்டில் போனை நோண்டிக்கொண்டே, சூப்பர் டீச்சர், சூப்பர் டீச்சர் என்பான். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் குறுக்கே நடப்பார்கள், மாடு நிற்கும், ஆட்டோ சொல்லாமல் திரும்பும். நான் நிறுத்துவேன், கிளம்புவேன். ஒரு தடவைகூட வண்டி அணையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்கார வைத்து எங்கள் காரை எடுத்தேன். சரிவில் இறங்கியது இறங்கிவிட்டது. தெருமுனையில் திருப்பிக்கொண்டு வந்து ஏற்றினால், குலுங்கி அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்து, பின்னால் உருண்டு எதிர்வீட்டு கேட்டில் இடித்தது. எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கையை நீட்டிச் சாவியை வாங்கி, அவரே ஏற்றிவிட்டுப் போனார். அப்பா கதவைத் தடவித் திறந்து இறங்கி உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த கிளாஸில் காலடியில் பெடல்கள் மேல் ஒரு கண் வைத்தேன். மாடு குறுக்கே வந்தது. நான் மிதிப்பதற்கு முன்பே கிளட்ச் என் காலுக்கடியில் தானாக உள்ளே போனது. அவன் பக்கமும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆபத்துக்கு என்று நினைத்திருந்தேன். இவனோ முதல் நாளிலிருந்தே மிதித்துக்கொண்டிருந்திருக்கிறான். வண்டி அணைந்தால் நேரம் போகும், அடுத்த ஆள் காத்திருப்பார். அவனுக்கு அதுதான் கவலை. இத்தனை நாளும் நான் ஸ்டியரிங்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் ஆளில்லாத ரோட்டில் ஓரங்கட்டினேன்.

"காலத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கங்க."

"ஏதாவது ஆச்சுன்னா, டீச்சர்?"

"ஆனா ஆவட்டும். சம்மணம் போட்டு உக்காருங்க."

பந்தியில் உட்கார்ந்தவன்போல உட்கார்ந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் தலை ஆடியதைப் பார்க்க எனக்கு ஆனந்தமாக இருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தான்.

"குதிகாலத் தரையில ஊனிக்கங்க. ஆக்சிலேட்டரத் தொடாம கிளட்ச மட்டும் கொஞ்சம் கொஞ்சமா உடுங்க. வண்டி மூக்கு லேசாத் தூக்கும். அங்கயே காலப் புடிங்க."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அதன் பிறகு தினமும் அவனைச் சம்மணத்திலேயே வைத்து, அந்த ஒரு இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்கும், உள்ளங்காலில் ஒரு நடுக்கம் தெரியும். ஆக்சிலேட்டரை மெல்லச் சேர்த்தால் மேட்டிலும் நிற்கும் என்பது பழகப் பழக வந்தது.

அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினான், காரில் திரும்பிப்போகிற திட்டத்தோடு. காரைத் தெருவுக்கு இறக்கித் திருப்பிக்கொண்டு வந்தேன். அவன் பார்க்கிறான் என்ற படபடப்பில் சரிவின் நடுவில் வண்டி அணைந்தது. பிரேக்கை அழுத்திக்கொண்டேன். அவன் சுற்றி வந்து, காருக்கு நேர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பின்னால நிக்காத, தள்ளு."

"உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே. ஏத்து, பாக்கறேன்."

நான் பயந்துபோய் இறங்கிச் சாவியை நீட்ட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே தோன்றியது. அவ்வளவு கோபம்.

வண்டியை ஸ்டார்ட் செய்து கிளட்சை மெல்ல விட்டேன். மூக்கு தூக்கியது. பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டருக்குப் போனேன். கார் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். கிளட்ச் தீய்கிற வாசனை வந்தது. தீயட்டும் என்று விட்டேன். கட்டியிருந்த கை அவிழ்ந்தது. ஓரடி பின்னால் வைத்தான். பிறகு எதிர்வீட்டு கேட் வரைக்கும் போய்விட்டான். அதற்கப்புறம்தான் மேலே ஏற்றினேன், சுவரில் முட்டாமல்.

சத்தம் கேட்டு அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அண்ணன் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தான். மங்கிய கண்ணுக்கு ஸ்டியரிங்கில் யார் என்று தெரியவில்லை, அவன் குரல்தான் அவர் காதில் விழுந்திருக்கும்.

"நல்லா ஏத்துனடா. கிளட்ச மறக்கல நீ."

அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தான். ஏற்றியது தான் இல்லை என்று அவனே சொல்வான் என்று பார்த்தேன். பிறகு சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன்.

"ஏத்துனது நான்ப்பா. அவன் தள்ளிப்போய் நின்னான்."