குப்பம்மாக்காவை அளந்த கதை

ஒற்றுமையை அளக்க முடியுமாம். தாமோதரன் என்கிற ஆராய்ச்சி மாணவர் எங்கள் பிளாக்குக்கு வந்து அளந்தார், டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். அளந்த இடத்தில் என்ன மிச்சம் என்று அவரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இரண்டாயிரத்து நான்கு. தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு குழாயில் காற்றுகூட வராத கோடை. லாரித் தண்ணீர்தான் கதி. அது எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா பட்டன் வேலை செய்கிறவள். விடிந்ததும் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு பஸ் பிடித்தால், இருட்டித்தான் திரும்புவேன். திரும்பும்போது குடங்கள் நிரம்பி, தட்டு போட்டு மூடி, என் வாசலில் இருக்கும். பிரசவித்த உடம்போடு மாடியில் படுத்திருந்த மரியத்துக்கும் அப்படித்தான். எல்லாம் குப்பம்மாக்காவின் வேலை.

அவர் கணவர் கிருஷ்ணப்பன் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அடுக்கு சரிந்து செத்துப்போனார். அதற்கப்புறம் அக்கா மிளகாய்க் குடோனில் கூட்டிப் பெருக்கி, நெஞ்சு கெட்டு, வீட்டோடு உட்கார்ந்தார். வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகப் போய் நின்றார். யாராவது முந்தினால் ஒரே அதட்டல்: "ஏய், பின்னால போ! உனுக்கு மட்டும்தான் தொண்டை கீதா?" எதிர்த்து ஒரு வாய் பேசாது.

அவருக்கு ஒரு பழக்கம். தன் குடங்களைப் பிடித்து ஓரமாக வைப்பார், வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார். லாரி போனதும், யார் குடம் குறையாக நிற்கிறதோ அதில் தன்னுடையதை ஊற்றுவார். மிச்சம் இருந்தால்தான் அவருக்கு.

தாமோதரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கீழ்த்தளத்து மன்ற அறையில் பெண்களை உட்காரவைத்து, நடுவில் அட்டைத் தடுப்பு வைத்து, ஆளுக்குக் கொஞ்சம் பிளாஸ்டிக் வில்லை கொடுத்தார். நானும் உட்கார்ந்தேன். பெட்டியில் போடுகிற வில்லையை அவர் இரட்டிப்பாக்கி எல்லோருக்கும் சமமாகப் பிரித்துத் தருவார். போடாமல் கையில் வைத்திருப்பது அவரவருக்கே. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது பரம ரகசியம். எத்தனை சுற்று என்பதையும் சொல்ல மாட்டார். முடிவில் வில்லைக்கு ஒரு துணி சோப்பு.

ரகசியமாம்! சோப்பைக் கட்டி எல்லோர் கையிலும் கொடுத்து, ஒரே வாசல் வழியாக வெளியே அனுப்பினால் எது ரகசியம்? மற்றவர்கள் பை இளைத்திருக்க, குப்பம்மாக்கா பை மட்டும் கனத்துத் தொங்கியது. அவர் பெட்டியில் ஒரு வில்லைகூடப் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று பிறகு அக்காவே என்னிடம் சொன்னார். லாரிக்குச் செய்ததையே அங்கேயும் செய்தார். எல்லோரும் முடிக்கட்டும், யாருக்குக் குறைகிறதோ அவர்களுக்குக் கொடுப்போம் என்று பிடித்து வைத்திருந்தார். பெட்டி தன்னிடம் வந்தபோது தடுப்புக்குப் பின்னால் தாமோதரனிடம் கேட்டும் இருக்கிறார்: "கம்மியாகீறவங்களுக்கு எப்ப குடுக்கறது நைனா?" அவர் உதட்டில் விரல் வைத்து, "அப்புறம்மா, இப்ப பேசக்கூடாது" என்றிருக்கிறார். அக்கா அந்த அப்புறத்துக்குக் காத்திருந்தார். ஆட்டம் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் பையை அவிழ்த்து, குறைவாக வாங்கியவர்கள் கையில் சோப்பை வைக்கப் போனார். எங்கள் பிளாக் சிவந்தி தட்டிவிட்டாள்.

"இன்னாக்கா, அமுக்கினு வந்துட்டு இப்ப பங்கு போடுறியா? லாரிலயும் இப்பிடித்தான் அமுக்குனியா?"

நாக்கில் நரம்பில்லாதவள். அவள் பிள்ளைக்கு அம்மை போட்டபோது குளிக்கத் தண்ணீர் சுமந்தது யார்? நான் குறுக்கே போய்க் கத்தினேன். "உன் கொடத்த ரொப்பறாங்க, நீ அப்பிடித்தான் பேசுவ" என்று என் வாயையும் அடைத்தார்கள்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. தாமோதரன் அடுத்த பிளாக்குக்கு வந்தபோது அக்கா அவர் முன்னால் போய் நின்றார். பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

"நான் உன்ன இன்னா கேட்டேன்னு இவங்களாண்ட சொல்லு நைனா."

"யார் என்ன செஞ்சாங்கன்னு நான் சொல்லக் கூடாதும்மா. அது விதி."

"நானேதான சொல்லச் சொல்றேன்? எம் பேரு கெட்டுப்பூட்ச்சுப்பா."

"இன்னும் நாலு பிளாக் பாக்கி இருக்கும்மா. விஷயம் பரவினா ஆராய்ச்சியே கெட்டுடும்."

ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மனிதருக்கு மனசு வரவில்லை. ஆராய்ச்சி கெடக் கூடாதாம், குப்பம்மாக்கா கெடலாமாம். அன்றே அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். சிவந்தி, "பாத்தியா, ஆபீசரே வாயத் தொறக்கல" என்று சிரித்தாள்.

அடுத்த லாரிக்கு அக்கா வரவில்லை. "பின்னால போ" என்று அதட்ட ஆளில்லை. குடங்கள் உருண்டன, லாரியின் ஹோஸ் பைப்பைப் பிடித்து இழுத்தார்கள், பாதித் தண்ணீர் சாக்கடைக்குப் போனது. என் குடம் காலியாகவே கிடந்தது. மரியம் தையல் போட்ட வயிற்றோடு படி இறங்கி வந்து நின்றாள். இரண்டு நாள் வீட்டுக்குள் இருந்துவிட்டு அக்காவும் இறங்கினார், வரிசைக்கு அல்ல, தள்ளுமுள்ளுக்கு. முழங்கையால் இடித்துக்கொண்டு போய்ப் பிடித்தார். பிடித்ததை நேராக வீட்டுக்குத் தூக்கிப் போனார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் கட்டம் என்று தாமோதரன் மறுபடி வந்தார். லாரி நின்றிருந்தது. சிவந்தி கையில் யாரோ ஒருத்தியின் தலைமுடி. அவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "போன தடவையே தெரிஞ்சுதுங்க. இந்த பிளாக்ல ஒத்துழைப்பு ரொம்பக் குறைவு."

"நீ வர்றதுக்கு முன்னாடி வந்து பாத்திருக்கணும்யா!" என்று கத்தினேன். மரியாதையாவது மண்ணாவது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. உச்சி வெயில் வேறு. அந்த நேரம் குப்பம்மாக்கா நிறைகுடத்தோடு வந்தார்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி..."

சிலிண்டர் போடுகிறவனையும் கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவனையும்கூட நிறுத்தி, சொம்பில் மொண்டு கொடுத்த மனுஷி அவர்.

"இல்ல" என்றார். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

தாமோதரன் என் பக்கம் திரும்பினார். என் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. நானும் இல்லை என்றேன்.