சுவரை ருசி பார்த்தவர்

கடலோரத்தில் உப்பளம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஊறிப்போய்ப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. மாடி வீட்டுக் குழாய்தான் கசிகிறது என்று சண்டை போட்டு, ஆறு மாதமாக அவர்களோடு நான் பேசுவதில்லை.

பூச வந்த கொத்தனார் ஒரு பெண். ஒல்லியான உடம்பு, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. கரண்டியை எடுப்பதற்கு முன்னால், ஈரச் சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துக்கொண்டார். நான் முகம் சுளித்தேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது.

"உப்புக் கரிக்குது சார்! இது குழாத் தண்ணி இல்ல. அடியில இருக்கற உப்புத் தண்ணி, கீழேர்ந்து ஏறுது."

"தண்ணி எப்படிம்மா மேல ஏறும்?"

நான் கொடுத்திருந்த டீயில், அதோடு வைத்திருந்த ரஸ்க்கின் நுனியை மட்டும் வைத்துப் பிடித்தார். டீ விறுவிறுவென்று அவர் விரல் வரைக்கும் ஏறி வந்தது.

"செங்கல்லும் இதான் சார். உள்ள பூரா பொடிப்பொடியா ஓட்ட!" ஏதோ அந்த நிமிஷம்தான் கண்டுபிடித்ததுபோல் சத்தமாகச் சிரித்தார்.

எனக்கும் பரபரப்புத் தாங்கவில்லை. சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கடலேதான்!

அந்த உப்பு வாயில் இருக்கும்போதே மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்டு, தண்ணீர் ஏறும் விதத்தையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். கையில் ஒரு ரஸ்க் மட்டும் இருந்தது.