அமெரிக்க அணியும் பத்மராணியின் தாய்வீடும்

அமெரிக்காவின் பேர்லேண்டில் பத்மராணி வேலை செய்யும் டேகேர் என்ற பிள்ளைகள் காப்பகத்தில் காலை வேளைகளில் அழுகைச் சத்தம் அதிகம் கேட்பதில்லை. அம்மாவின் கழுத்தை விடாமல் கட்டிக்கொண்டு வரும் குழந்தைகூட அவள் கை நீட்டினால் தாவிவிடும். ஐம்பத்திரண்டு வயது, உருண்டை முகம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. இப்படிப்பட்டவளின் வீட்டில் ஒரு பேச்சை எடுத்தால் மட்டும் இடியும் மின்னலும்தான் என்றால் யார் நம்புவார்கள்?

அந்தப் பேச்சு, அவளுடைய பிள்ளைப்பேறு.

கலியாணமான புதிதில் அவளும் கணவர் அந்தோனிப்பிள்ளையும் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் இருந்தார்கள். அவருக்கு ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை. பத்மராணி உண்டானாள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகவேண்டும், அதுதானே எங்கள் வழக்கம்? ஆனால் அவளுடைய தாய் அப்போது யாழ்ப்பாணத்தில் இல்லை. சண்டைக்குள் இருந்து மூத்த மகன் அவரைக் கூட்டிக்கொண்டு போய் டெக்சஸில், இதே பேர்லேண்டில், தன்னோடு வைத்திருந்தார். அம்மா இருக்கும் இடம்தானே தாய்வீடு! ஏழாம் மாதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பறந்துவிட்டாள் பத்மராணி.

அந்தோனிப்பிள்ளையால் கூடப் போக முடியவில்லை. அவருடைய அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. பத்மராணியைப் போல அவர் கையில் பாஸ்போர்ட் இல்லை. பிள்ளைக்கென்று தன் கையாலேயே மஞ்சள் வண்ணம் பூசிய அறையில் அவர் தனியே கிடந்தார். ஹூஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்த மகள் லக்சனாவை அவர் முதன்முதலில் கண்டது மான்செஸ்டர் விமான நிலையத்தில், பிள்ளைக்கு நாலு மாதமானபோதுதான். ஆசையோடு ஓடிப்போய்க் கை நீட்டினார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டு, தாயின் தோளில் முகம் புதைத்தது.

பெற்ற பிள்ளைக்கு யாரோ ஒருவனாகிப்போன அந்த நிமிடத்தை அவரால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும், "என்ர பிள்ளை லீட்ஸ்காரி" என்பார். டெக்சஸ் என்ற சொல்லே அவர் வாயில் வராது. வீட்டுக்குள் அதைச் சொல்லிச் சண்டை மூண்டாலும், பிறர் முன்னால் பத்மராணி மறுத்துப் பேசமாட்டாள். மனுசனின் காயம் அது, அதைக் கிளறுவானேன் என்று விட்டுவிடுவாள்.

லீட்ஸ்காரி என்பதற்கு ஒரு பொருத்தமும் இருந்தது. அந்த ஊரின் உயிரான ரக்பி லீக்கை லக்சனா எட்டு வயதிலேயே பிடித்துக்கொண்டாள். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடவேண்டும். எதிரிகள் பாய்ந்து மண்ணில் விழுத்துவார்கள். விழுந்தவள் எழும்பி மறுபடி ஓடவேண்டும். "பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன கோதாரி?" என்று உறவெல்லாம் முகம் சுளித்தது. அந்தோனிப்பிள்ளை மட்டும் மழையிலும் பனியிலும் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பத்மராணியின் அண்ணன் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் கைகூடி, குடும்பம் பேர்லேண்டுக்கு வந்தது. அந்தோனிப்பிள்ளை பெட்ரோல் நிலையமும் கடையும் சேர்ந்த ஒரு கேஸ் ஸ்டேஷனைப் பொறுப்பெடுத்தார். பிசியோதெரபி படித்திருந்த லக்சனாவுக்கு வேலை கிடைத்தது. வந்த மாதமே ஹூஸ்டனில் ஒரு பெண்கள் ரக்பி லீக் கிளப்பைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

அந்தக் கிளப்பின் ஆட்டம் ஒன்றைப் பார்க்கத்தான், அமெரிக்கப் பெண்கள் அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் டெனிஸ் என்ற பெண்மணி வந்திருந்தார். லக்சனா இரண்டு பேரை உதறிவிட்டு ஓடிப்போய்ப் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் வைத்ததும், கத்திக்கொண்டு நின்ற அந்தோனிப்பிள்ளையின் பக்கம் டெனிஸ் திரும்பினார்.

"உங்கள் மகளா? அருமை! எங்கே பிறந்தவள்?"

"லீட்ஸ்!" நெஞ்சை நிமிர்த்தினார் அந்தோனிப்பிள்ளை. "இங்கிலாந்து. ரக்பி லீக்கின்ர தலைநகரம்!"

"இங்கே வந்து எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருஷம்."

டெனிஸின் முகம் வாடியது. "அடடா. ஒரு நாட்டுக்கு ஆட வேண்டுமென்றால் அங்கே பிறந்திருக்கவேண்டும். இல்லையென்றால் பெற்றோரோ, அவர்களைப் பெற்றோரோ பிறந்திருக்கவேண்டும். அதுவும் இல்லாவிட்டால் ஐந்து வருஷம் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருக்கவேண்டும். இவள் மட்டும் இந்த நாட்டில் பிறந்திருந்தால் நாளைக்கே எடுத்திருப்பேன்."

அந்தோனிப்பிள்ளையின் வாய் திறந்தது. சரியாக அந்த நேரம் காரிலிருந்து, பொரித்துக் கொண்டுவந்த பற்றீஸ் பெட்டியும் தேத்தண்ணிப் பிளாஸ்குமாக பத்மராணி சிரித்துக்கொண்டே வந்தாள். இவளுக்கு முன்னால், இத்தனை வருஷத்துக்குப் பிறகு, "டெக்சஸில் பிறந்தவள்" என்று எப்படிச் சொல்வது? நீ போனது சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா?

திறந்த வாயில் ஒரு பற்றீஸை வைத்து அடைத்துக்கொண்டார் மனுசன்.

அடுத்த வாரம் அணி அறிவிக்கப்பட்டது. கிளப்பிலிருந்து மூன்று பேர். லக்சனா இல்லை.

மகளை அப்படி ஒரு கோலத்தில் பத்மராணி கண்டதேயில்லை. அடிபட்டு, பல் உடைந்து, புருவத்தில் தையல் போட்டு வந்த நாளெல்லாம் சிரித்த பிள்ளை, சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"ஐ வாஸ் த பெஸ்ட் அவுட் தேர், அம்மா. ஐ தோட் ஐ வாஸ்." மூக்கை உறிஞ்சினாள். "கெஸ் ஐ'ம் நாட் குட் எனஃப்."

"ஆர் சொன்னது? அவைக்குக் கண் தெரியேல்லை."

"ஐ'ம் டன். இனி விளையாட மாட்டன்." தமிழில் சொன்னாள். அவள் தமிழில் சொன்னால் அது முடிந்த முடிவு.

சமையலறை வாசலில் நின்று அந்தோனிப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டார். திறமை போதாது என்று நினைத்து அழுகிறாளே! திறமை இல்லாதது அவளுக்கல்ல, எனக்குத்தான் என்று அவர் நெஞ்சு கதறியது. ஆனால் அவர் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் கடையில் காப்பிக்கு உப்பைப் போட்டுக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் பத்மராணியின் அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணன் மனைவி பவளம் நண்டுக் குழம்பை லக்சனாவின் தட்டில் ஊற்றியபடி ஆரம்பித்தாள்.

"நடந்ததெல்லாம் நல்லதுக்குத்தான் பிள்ளை. இனிப் பந்தும் வேண்டாம், பாய்ச்சலும் வேண்டாம். பிளானோவில ஒரு இஞ்சினியர் பெடியன் இருக்கிறான்..."

"அவனுக்கு ஓடத் தெரியுமோ, மாமி?" என்று கேட்டாள் லக்சனா.

"அவன் ஏன் ஓடவேணும்?"

"நான் துரத்தினால்?"

எல்லோரும் சிரித்தார்கள். லக்சனாவும் சிரித்தாள், ஆனால் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "பரவாயில்லை மாமி, இனித் துரத்த மாட்டன். எனக்குத்தான் ஏலாது எண்டு சொல்லிட்டினமே" என்றாள்.

நாற்காலி பின்னால் சாயும் சத்தம். அந்தோனிப்பிள்ளை எழுந்து நின்றார். கையெல்லாம் குழம்பு.

"ஏலாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை!" என்றார். "அந்த மனுசி என்னட்டக் கேட்டவ, எங்க பிறந்தவள் எண்டு. நான் லீட்ஸ் எண்டு சொன்னன். இஞ்ச பிறந்திருந்தா நாளைக்கே எடுப்பன் எண்டவ. நான்... நான் பற்றீஸ் சாப்பிட்டன்."

பவளத்தின் கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது.

"வாட்?" என்றாள் லக்சனா.

அவர் மகளைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தார். "பத்மா. நீ அண்டைக்குத் தாய்வீட்ட போனது சரி. எனக்குப் பிள்ளையைக் காண ஏலாமப் போச்செண்ட கோவம். அதை உன்னில போட்டன். இப்ப பிள்ளையிலயும் போட்டிட்டன்."

பத்மராணி எழுந்து வந்தாள். எல்லோரும் பிரளயம் வருமென்று காத்திருந்தார்கள். அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் கையைக் கழுவிவிட்டாள்; சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"எனக்கும் தெரியும்தானே, நீங்கள் அந்த மஞ்சள் அறையில தனிய இருந்தது. முதல்ல போனை எடுங்கோ. பாவமன்னிப்பெல்லாம் பிறகு."

லக்சனாவின் கிளப் பயிற்சியாளரிடம் நம்பர் வாங்கி டெனிஸுக்கு அழைத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தோனிப்பிள்ளை தட்டுத் தடுமாறி, லீட்ஸ் என்று தொடங்கி, மான்செஸ்டர் விமான நிலையம் வரை போய், நடுவில் அகதி விண்ணப்பத்துக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டார்.

"மன்னிக்கவேண்டும், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்றார் டெனிஸ். "இங்கிலாந்தில் வாழ்ந்த பெண் எப்படி ஹூஸ்டனில் பிறந்தாள்?"

பத்மராணி போனைப் பிடுங்கினாள். "முதல் பிள்ளைக்கு நாங்கள் அம்மா வீட்டுக்குப் போவோம். என் அம்மா இங்கே இருந்தார்."

"ஏழு மாதக் கர்ப்பத்தோடு கடல் தாண்டி அம்மா வீட்டுக்கா?"

"பின்னே வேறெங்கே போவேன்?"

மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது. "அம்மா, உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை வரை அணியில் ஒரு இடத்தைத் திறந்துதான் வைத்திருக்கிறோம். பயிற்சி முகாமுக்கு அவளை அனுப்புங்கள். மற்றவர்களோடு மோதித்தான் இடம் பிடிக்கவேண்டும், சும்மா தரமாட்டேன்."

"மோதுவாள்" என்றாள் பத்மராணி. "அதைத்தானே எட்டு வயசிலிருந்து செய்கிறாள்!"

லக்சனா அப்பாவின் மேல் பாய்ந்தாள். அது கட்டிப்பிடித்தலா, ஆட்டத்தில் ஆளை விழுத்துவதா என்று தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தரைவிரிப்பில் விழுந்தார்கள். "யூ ஆர் அன்பிலீவபிள், அப்பா!" என்று அவர் தோளில் குத்திக் குத்திச் சிரித்தாள், அவர் அழுதுகொண்டே சிரித்தார். பவளம் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். "இந்தக் குடும்பத்துக்கு இஞ்சினியர் பெடியன் தாங்கமாட்டான்" என்றாள்.

முகாமில் லக்சனா இடம் பிடித்தாள். கனடாவுக்கு எதிரான ஆட்டம். பந்தயத்துக்கு முன்னே வீராங்கனைகளின் பெயரையும் பிறந்த ஊரையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். "லக்சனா அந்தோனிப்பிள்ளை, ஹூஸ்டன், டெக்சஸ்!" பெயரை அறிவிப்பாளர் பாதி விழுங்கினாலும், அந்தோனிப்பிள்ளை ஆசனத்தின் மேலேயே ஏறி நின்று கைதட்டினார். முன் வரிசை, பின் வரிசை, பொப்கோர்ன் விற்றவர் என்று ஒருவரையும் விடாமல் பிடித்துக் கதை சொன்னார்: இவள் இங்கேதான் பிறந்தாள், இதோ இவதான் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து பெற்றவ!

"இஞ்சேருங்கோ, இறங்குங்கோ. சனம் பாக்குது" என்று அவர் காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள் பத்மராணி.

"பாக்கட்டும்! பாக்கத்தானே வந்தவை!"

இரண்டாம் பாதியில் லக்சனா களத்துக்குள் வந்தாள். முதல் பந்தே அவள் கைக்கு வந்தது. நாலு எட்டு ஓடுவதற்குள் மூன்று கனடாக்காரிகள் மூன்று பக்கமிருந்தும் பாய்ந்தார்கள். புல்லும் மண்ணும் பறந்தன. பத்மராணி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"எழும்பிட்டாளே? சொல்லுங்கோ, எழும்பிட்டாளே?"

"எழும்பிட்டாள், பத்மா. கண்ணைத் திற, ஓடுறாள்!"