எதால் வகுபடும்?

பத்தொன்பது வருடமாக மைசூரில் ஒரு கல்லூரியில் கணிதத்துக்குக் கௌரவ விரிவுரையாளர் நான். ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டவன். வீடு ஓடுவது நர்சாக இருக்கும் என் மனைவியின் சம்பளத்தில். அவளிடம் காட்ட எனக்கென்று ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வேறெந்த எண்ணாலும் வகுபடாத பெரிய பகா எண்ணைத் தேடப் போனேன்.

என்னைப் போன்ற பைத்தியங்கள் உலகமெங்கும் வீட்டுக் கணினியில் இதைத் தேடுகிறார்கள், ஆளுக்கொரு எண்ணாக. எனக்கு வந்தது மூன்று கோடி இலக்கத்துக்கு மேல். நான்கில் தொடங்கி, வர்க்கம் எடுத்து, இரண்டைக் கழித்து, அந்த எண்ணால் வகுத்து, மீதியை வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்ய வேண்டும். கோடிக்கணக்கான சுற்றுக்குப் பின் கடைசி மீதி பூஜ்யமானால் அது பகா எண்.

என் பழைய கணினி மே மாத வெயிலிலும் ஓடியது. ஒரு காலையில் பூஜ்யம் வந்திருந்தது. இன்னொரு கணினி முதலிலிருந்து செய்து அதே விடையைத் தரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வகுப்பில் நிரூபணம், நிரூபணம் என்று கத்துகிறவன்தான் நானும். ஆனால் அவள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், சொல்லிவிட்டேன். அந்த ஞாயிறே தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி மாதா கோயிலில் சாத்தி, தமிழ்ப் பூசையில் வாசிக்கச் சொல்லி நன்றிக் கருத்தும் எழுதிக் கொடுத்துவிட்டாள். சாமியார் என் பெயரைச் சொல்லி வாசித்தார். வெளியே வந்ததும் எல்லோரும் கை குலுக்கினார்கள்.

மறு கணினியில் பூஜ்யம் வரவில்லை. வெயிலில் என் கணினி எங்கோ தப்புப் பண்ணியிருந்தது.

"அது பகா எண் இல்லை" என்றேன் மனைவியிடம்.

"அப்ப எதால வகுபடும்?"

"தெரியாது. வகுபடும்னு மட்டும்தான் தெரியும்."

"ஏன்ரீ, வகுக்கிற நம்பரே தெரியாம எப்படி இல்லைன்னு சொல்வாங்க? சும்னே சொல்றாங்க. நீங்க போட்டதுதான் சரி" என்றாள், கன்னடம் கலந்த தன் தமிழில்.

காரணியைக் காட்டாமலே பகு எண் என்று நிரூபிக்கலாம் என்று எவ்வளவோ விளக்கினேன். அந்தக் காரணி என் ஆயுளில் கிடைக்கப்போவதில்லை. என் தோல்வியைக்கூட இதோ இங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அவளோ ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் என் எண்ணைப் பற்றிப் பெருமையாகவே பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளுக்குள் இதமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

பிறகு ஒரு சாயங்காலம், ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரின் கணிதம் படிக்கும் மகளிடம் கேட்டுவிட்டு வந்தாள். "வகுக்கிற நம்பர் தெரியாமலே சொல்லலாமாம். நீங்க சொன்னது நிஜம்தானாம்" என்றாள். காபி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஒரு டீச்சர், "சாரோட நம்பர் என்னாச்சு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "அது சரியாயிருக்குன்னு சொல்லிட்டாங்க டீச்சர். பேப்பர்ல வரத்தான் லேட் ஆகுது" என்றாள் என் மனைவி.

பொய் சொல்லத் தெரியாதவள் அவள். அவள் நம்பிய வரைக்கும் எனக்குக் கோபப்படவாவது இடமிருந்தது. இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே என்னைத் தாங்குகிறாள். வீடு வந்து சேரும்வரை ஆட்டோவில் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.