வாசல் விளக்கு எரியணும்

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சிம்னி விளக்கில் கிடந்தபோதே எங்கள் ஊருக்குக் கரண்டு வந்துவிட்டதாம். அப்பாவுக்கு அதில் அத்தனை பெருமை. "தங்கம் வெட்றவன் பொண்டாட்டி கழுத்துல மஞ்சக் கயிறு," என்று அம்மா ஒரே வார்த்தையில் அவரை அடக்கிவிடுவார்.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். பம்பு நின்றது, குழிகளில் தண்ணீர் ஏறியது. ஆண்கள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடினார்கள். நான் கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தேன். அக்கா மட்டும் சுரங்கக் கம்பெனி அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் தங்கிவிட்டாள். குடியிருப்பவர்களுக்கே வீட்டை எழுதித் தருவார்களாம். பட்டா இன்று வரும், நாளை வரும் என்று அவள் தலையும் நரைத்துவிட்டது. பூட்டிவிட்டு எங்கேயும் போகமாட்டாள். "ஆளில்லாத வூட்டுக்கு ஆயிரம் பேர் சொந்தம்டி!"

அப்படிப்பட்டவள் போன மாதம் என் மகள் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரில் எங்கள் பிடோக் வீட்டுக்கு வந்து இறங்கினாள். நாங்கள் இரவுச் சாப்பாட்டை முடிக்கும்போது அங்கே பொழுது சாயும். உடனே பக்கத்து வீட்டுக்காரிக்கு போன். "வாசல் லைட்ட போட்டியா? ஆள் இருக்கிற மாதிரி தெரியணும்."

ஒருநாள் கேட்டாள். "இது உன் சொந்த வூடா?"

"கவர்மெண்ட் கட்டினது. தொண்ணூத்தொன்பது வருஷக் குத்தகைக்கா."

"அப்போ உன்னுதும் குவார்ட்டர்ஸ்தான்!"

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரியே கூப்பிட்டாள். யாரோ இரண்டு பேர் வந்து, "இந்த வீட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டுப் பூட்டை ஆட்டிப் பார்த்தார்களாம். அக்கா பெட்டியை எடுத்துவிட்டாள்.

"பெரியம்மா, ரெண்டே நாள் லா. ப்ளீஸ்," என்று மகள் கையைப் பிடித்தாள்.

"வூடு போய்ட்டா அப்புறம் எங்கடி நிப்பேன்?"

ஹாலில் நின்றபடியே அக்கா அவள் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிட்டாள். மறுநாள் காலை விமானம்.

கல்யாண விருந்தின்போது வீடியோவில் அழைத்தோம். திரையில் இருட்டு, குரல் மட்டும் வந்தது.

"அக்கா, மொகமே தெரியலையே. லைட்ட போடேன்."

"உள்ள பல்பு போயிடுச்சு. வாசல் பல்ப கழட்டி மாட்டவா முடியும்? நீ பொண்ணக் காட்டு. எனக்கு நல்லாத் தெரியுது."