சிங்கிள் கேட்பதில்லை

தருமபுரி மாவட்டத்தில் ஹெவி மெட்டல் கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எனக்குத் தெரிந்து மூன்று பேர்: நான், பாய், மாப்பிள்ளை. நான் அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பாய்க்குத் தருமபுரி டவுனில் கார்களுக்கு சீட் கவர், ஸ்பீக்கர், ஹாரன் மாட்டுகிற கடை. மாப்பிள்ளை பாலக்கோட்டுப் பக்கத்து ஆள், போர்வெல் போடும் வண்டியில் ஆபரேட்டர். சொந்தத்தில் மாப்பிள்ளை கிடையாது. அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன், அவ்வளவுதான்.

மூன்று பேருக்கும் ஒரே பேண்டுதான். வெள்ளைக்காரக் கிழவர்கள். நாங்கள் கேட்க ஆரம்பித்தபோது அவர்களுக்கு முதுகு வரைக்கும் முடி இருந்தது. இப்போது பாடகர் தலையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. எனக்கு அது ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தபோது ரூமில் கூட இருந்தவனின் கேசட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது. பாய்க்கு, யாரோ பெங்களூர்க்காரர் வேலைக்கு விட்ட காரைத் திரும்ப எடுக்கும்போது கடையில் மறந்துவிட்டுப் போன சிடி. “இந்தப் பாட்டுக்குக் கிழியாத ஸ்பீக்கர் எதுக்குமே கிழியாதுங்க” என்று கஸ்டமர்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டுவார். அவர்கள் காதைப் பொத்திக்கொண்டே பில் போடச் சொல்வார்கள். மாப்பிள்ளை வண்டிக்கு ஹாரன் மாற்ற அங்கே வந்தவன், சாயங்காலம் வரைக்கும் எழுந்து போகவில்லை. நாள் முழுக்கக் கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சத்தம் புதிதில்லை. சத்தத்துக்குள் இத்தனை பாட்டு இருப்பதுதான் புதிது என்று பாயிடம் சொன்னானாம்.

அந்த பேண்ட் ஆல்பம் போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆல்பம் வராத வருஷங்களில் ரசிகனுக்கு இருக்கிற ஒரே வேலை ஊகம். கிட்டார்காரர் ஏதோ ஒரு ரூமில் டீ குடிக்கிற போட்டோ போடுவார். பாய் அதைப் பெரிது பண்ணிப் பெரிது பண்ணிப் பார்ப்பார். “பின்னாடி போர்டு தெரியுது பாருங்க. வரிவரியா எழுதியிருக்குது. பாட்டுப் பேருதான்.” அது சாப்பாட்டு ஆர்டராக இருக்கும் என்பேன். இன்டர்நெட்டில் பிரேசில்காரனும் பின்லாந்துக்காரனும் அதே போர்டுக்காக அடித்துக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளை கர்நாடகாவில் ஏதாவது ஒரு காட்டிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். அதில் கம்ப்ரசர்தான் பேசும், அவன் பேசுவது கேட்காது. அவனுக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. “அவங்க பேட்டி குடுக்கறத நிறுத்தினா ஆல்பம் வருதுன்னு அர்த்தம் மாமா. போர் போடும்போது புழுதி பறக்கறது நின்னா தண்ணி வருதுல்ல, அந்த மாதிரி.” என் மனைவி எங்கள் மூவருக்கும் சேர்த்து இலவு காத்த கிளிகள் என்று பெயர் வைத்திருந்தாள்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஆல்பத்துக்கு முன்னால் ஒரே ஒரு பாட்டை மட்டும் விடுவார்கள், சிங்கிள் என்று. முன்னொரு தடவை அதைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்துவிட்டு, ஆல்பம் வந்தபோது அந்தப் பாட்டு மட்டும் பழைய சோறு மாதிரி நடுவில் கிடந்தது. அன்றைக்குப் பாய் போட்ட சட்டம் இது. சிங்கிள் கேட்பதில்லை. ஆல்பம் எப்படியும் வெள்ளிக்கிழமைதான் வரும். ஜும்ஆ தொழுகை முடிந்து பாய் வந்ததும், அவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே நிற்கிற அவருடைய பழைய வேனில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் மூன்று பேரும் ஒன்றாகக் கேட்க வேண்டும். நடுவில் பேச்சு கூடாது. தனியாக முதலில் கேட்கிறவன் துரோகி. அதற்குப் பிறகு வந்த ஆல்பங்களை அப்படித்தான் கேட்டோம். வயதுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிற மூன்று ஆண்கள் இப்படி ஒரு சட்டம் வைத்துக்கொண்டிருப்பதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சொன்னதில்லை.

ஒருநாள் மாப்பிள்ளை என் கடைக்கு வந்தான். நான் ஒரு நீர்மூழ்கி மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தவன், “மாமா, அடுத்த ஆல்பம் எப்ப வரும்?” என்றான்.

“எனக்கென்னாப்பா தெரியும். கிழவனுங்களுக்கே தெரியாது.”

“சும்மா கேக்கல மாமா.”

வலது காது ஏறக்குறைய முடிந்துவிட்டது, இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது என்றான். மெடிக்கல் காலேஜில் டெஸ்ட் எடுத்திருக்கிறான். நரம்பாம். வெளிச்சத்தம் குறையக் குறையக் காதுக்குள்ளேயே கம்ப்ரசர் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல், தூங்கும்போதும் நிற்பதில்லையாம். “எவ்ளோ நாளு தாங்கும்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டாங்க. மெஷின் வெச்சா பேச்சு கேக்குமாம். பாட்டு கேக்குமான்னேன். டாக்டரம்மா சிரிச்சிட்டாங்க.”

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

“இன்னும் ஒரே ஒரு ஆல்பம் கேட்டுட்டாப் போதும் மாமா. அதுக்கப்புறம் போனாப் போவுது.”

வீட்டில் அவன் ஆத்தா, அந்தப் பேய்ப் பாட்டைக் கேட்டுத்தான் காது போச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் மறுத்துப் பேசவில்லை. ஏன் என்று கேட்டேன். “வண்டியாலதான்னு சொன்னா வேலைக்கு வுட மாட்டாங்க. பழி பாட்டு மேலயே இருந்துட்டுப் போவட்டும்” என்றான்.

அதற்குப் பிறகு ஊகம் விளையாட்டாக இல்லை. பாய் போட்டோக்களைப் பெரிது பண்ணிப் பார்ப்பதை இன்னும் தீவிரமாகச் செய்தார். தீபாவளிக்குக் கட்டாயம் வந்துவிடும் என்றார். தீபாவளி போனது. பொங்கலுக்கு என்றார். எனக்கு அந்தக் கிழவர்கள் மேலேயே கோபம் வந்தது. கடலுக்கு அந்தப்பக்கம் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டு போட்டோ எடுத்துப் போடுகிறீர்கள், இங்கே ஒருத்தனுக்கு நேரமில்லை என்று சொல்ல ஆசைதான். யாரிடம் சொல்வது. கீழே கமெண்ட் போடுகிற லட்சம் பேரில் ஒருத்தனாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கோடையில் அறிவிப்பு வந்தது. ஆல்பத்தின் பெயர், அட்டைப்படம், தேதி எல்லாம். அதோடு அன்றைக்கே சிங்கிளும் வந்தது. மாப்பிள்ளை அப்போது லீவில் ஊரில் இருந்தான். மூவரும் பாய் கடையில் கூடினோம். நான் முதல் வேலையாக, “சிங்கிளை இப்பவே கேட்டுடலாம்” என்றேன்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். “சட்டம் என்னாங்க ஆவறது?”

“சட்டத்தப் போட்டதே நாமதானுங்களே.”

பதில் சொன்னது மாப்பிள்ளைதான். “அதனாலதான் மாமா வேணாங்கறேன். நாம போட்டத நாமளே மீறுனா எப்படி. பொண்ணு பாக்கப் போயி காதோலைய மட்டும் பாத்துட்டு வரச் சொல்றீங்க. மாசக் கணக்குதான, தாங்கும்.” இடது காதைத் தட்டிக் காட்டினான்.

தாங்கும் என்று எவன் சொன்னான் என்று கத்திவிட்டேன். கத்தியதால் அவனுக்கு நன்றாகவே கேட்டது. சிரித்தான். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். அவனுக்கு அடமென்றால் அப்படியொரு அடம். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் நான் மட்டும் அந்தப் பாட்டைக் கேட்டேனா என்றால், இல்லை. கோபம் வேறு, சட்டம் வேறு.

தேதி நெருங்கியபோது கிட்டார்காரருக்கு மணிக்கட்டில் ஆபரேஷன் என்றார்கள். ஆல்பத்தையும் அதற்குப் பிறகான டூரையும் ஒன்றாகத் தள்ளிவைத்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. பாய் அந்த அறிவிப்பை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, கீழே ஒன்றுமே எழுதவில்லை. அவர் எதையும் எழுதாமல் போட்டது அதுதான் முதல் தடவை.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் முடிந்தது. சித்ரதுர்கா பக்கம் வேலை நடக்கும்போது, பைப் இறங்குகிறது என்று கூட இருந்தவன் கத்தியது மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. முதலாளி நல்ல மனுஷன். திட்டவில்லை, மறுநாளே பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு அவன் மனைவியோடு தக்காளிக் காட்டைப் பார்த்துக்கொண்டான், டிராக்டரில் பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குப் போய்வந்தான். வாய்ஸ் மெசேஜ் நின்றது, எல்லாம் எழுத்துதான். சிங்கிளையாவது இப்போது கேள் என்று எழுதினேன். “இனிமே அதக் கேட்டு என்ன மாமா. வந்ததும் முழுசாவே கேட்டுக்கலாம்” என்று பதில் வந்தது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்தது.

மாப்பிள்ளை பேண்டின் படம் போட்ட கறுப்பு டிஷர்ட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தான். காதுக்குப் பின்னால் மெஷின். பாய் தொப்பியைக் கழற்றாமலேயே பள்ளிவாசலிலிருந்து நேராக வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கினோம். பாய் ஸ்டியரிங் பக்கம், நான் அவருக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை பின் சீட்டில், இடது பக்கக் கதவு ஸ்பீக்கரை ஒட்டி. கண்ணாடிகளை ஏற்றினோம்.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் மாப்பிள்ளை முகம் சுளித்தான். “தகரத்தப் போட்டு இழுக்கற மாதிரி இருக்குது” என்று மெஷினைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். குனிந்து இடது காதை ஸ்பீக்கர் மேலேயே வைத்தான். பாய் வால்யூமை இதுவரை வைக்காத அளவுக்கு ஏற்றினார். வேன் கண்ணாடிகள் அதிர்ந்தன. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆல்பம் நன்றாக இருந்தது. இத்தனை வருஷக் காத்திருப்புக்கு அது கொஞ்சமும் துரோகம் செய்யவில்லை. பாடகரின் குரல் கிழண்டு போயிருந்தது, அவர் அதை மறைக்கவும் இல்லை. மூன்றாவது பாட்டில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பின் சீட்டுப் பக்கம் திரும்பாத வரைக்கும் சந்தோஷமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது மாப்பிள்ளை ஸ்பீக்கரை விட்டு நிமிர்ந்து, சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். தாளம் சேரவில்லை. பாட்டு ஒரு வேகத்தில் போனது, அவன் தலை வேறொரு வேகத்தில் போனது. நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசிப் பாட்டு குட்டையானது, ஆல்பத்திலேயே வேகமானது அதுதான். டிரம்ஸ் உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே கத்தரித்த மாதிரி படக்கென்று நின்றது. அவ்வளவுதான், ஆல்பம் முடிந்தது. வெளியே ரோட்டில் சேலம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பாய் ஸ்டீரியோவை அணைக்கக் கையை நீட்டினார். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கண் மூடியே இருந்தது. விரல்கள் தொடையில் மெதுவாகத் தட்டின. நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அவன் தலை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து நின்றது. கண்ணைத் திறந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“கடைசிப் பாட்டுதான் மாமா எல்லாத்துலயும் டாப்பு” என்றான், தன் குரலின் அளவு தெரியாமல் சத்தமாக. “எவ்ளோ நீளம் பாருங்க. அப்படியே அடங்கி, அடங்கிப் போவுது.”

நான் தலையை ஆட்டினேன். பாயும் ஆட்டினார்.