ராகுகாலத்துக்கு முன் பூட்டிய பிரேக்

என் மனுசன் யோகலிங்கத்துக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. முப்பது வருசம் முள்ளியவளை வயல்களில் உழவு மெசின் ஓட்டியவர். தேத்தண்ணி குடிக்கக் கொடுத்தாலும் ஆறவைத்து, பாலாடையை எடுத்து, பிறகுதான் வாயில் வைப்பார். எனக்கோ எல்லாம் நேற்றே முடிந்திருக்க வேண்டும். கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் இந்த மனுசனைப் பின்னால் நின்று தள்ளுவதே என் சீவியமாகிப் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமையும் தள்ளினேன்.

மகள் கஜேந்தினிக்கு மாதம் நிறைந்துவிட்டது. மருமகன் கட்டாரில். திங்கள் காலை ஏழு மணிக்கு ஆசுபத்திரியில் கொண்டுவந்து விடச் சொல்லி கிளினிக்கில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் நிற்பதோ கஜேந்தினியை விட வயது கூடிய ஒரு கார். வெள்ளிக்கிழமை அது பிரேக் பிடிக்கும்போது கிரீச் என்று கத்தியது. சனிக்கிழமை இரும்பை இரும்பு அராவுகிற மாதிரி ஒரு சத்தம். இந்தக் காரிலா என் பிள்ளையை ஏற்றுவது?

வழக்கமாகக் கார் திருத்துகிற கிருபன், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் காவடி எடுக்கிறவன். கடையைப் பூட்டிவிட்டு விரதத்தோடு கோயிலடிக்குப் போய்விட்டான். அவன் மட்டுமா, ஊரே அங்கேதான் நின்றது. இவர் டவுனில் புது பிரேக் பாட், அதுதான் சில்லைப் பிடித்து நிறுத்துகிற கட்டைகள், வாங்கிவந்து, தானே மாற்றப் போவதாகச் சொன்னார்.

"உங்களுக்கு மெசின்தானே தெரியும்? இது கார்!" என்றேன்.

"கிருபனைக் கேட்டுச் செய்வம்," என்றார்.

கிருபன் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னான். "அண்ணை, பழைய பாட்டைக் கழட்டினாப்பிறகு பிஸ்டனை உள்ளுக்குத் தள்ளிப்போட்டுப் புதுசைப் பூட்டுங்கோ. எல்லாம் முடிஞ்சு, கார் ஓட முதல் பெடலை நாலஞ்சு தரம் மிதியுங்கோ. முதல் மிதிக்கு அது பிடிக்காமல் அடிமட்டும் போகும். இறுகினாப்பிறகுதான் எடுக்கோணும். மறந்திடாதேங்கோ!"

போனைச் சத்தமாகப் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். கேட்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு மாமரத்தடியில் தொடங்கினார். பின்சில்லுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சில்லைக் கழற்றினார். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் துடைத்துச் சாக்கில் வரிசையாக வைத்தார். நான் அவரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கஜேந்தினி கதிரையில் இருந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். பழைய பாட்டை எடுத்துக் காட்டினார். தேய்ந்து தேய்ந்து வெறும் தகடு.

"ஐயோ, இதோடயோ முந்தநாள் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

அவர் துடைத்த நட்டையே எடுத்துத் திரும்பவும் துடைத்தார். பிழை தன் பக்கம் என்றால் இன்னும் மெதுவாகிவிடுவார், அது அவருடைய குணம்.

இரண்டாவது சில்லைப் பூட்டி முடிக்க நான்கு இருபது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். வாகனத்தில் வேலை செய்தால் கற்பூரம் காட்டி, தேசிக்காய்க்கு மேலே ஏற்றித்தானே எடுப்போம். நாளைக்குப் பிள்ளை ஏறப்போகிற காருக்கு அதை ராகுகாலத்திலா செய்வது? முன்சில்லு இரண்டுக்கும் தேசிக்காய் வைத்தேன். கற்பூரத் தட்டைக் கஜேந்தினியிடம் கொடுத்து, காருக்கு முன்னால் நிற்கவும் வைத்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரியின் கையால் காட்டினால் நல்லது என்று யார் சொன்னது? நானேதான்.

அவர் ஏறி இருந்து காரை ஸ்டார்ட் பண்ணினார். பிறகு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"கொஞ்சம் பொறும். கிருபன் கடைசியா என்னவோ ஒண்டு சொன்னவன்…"

"ராகுகாலம் வரப்போகுது! இனி என்ன யோசினை? எடுங்கோ எண்டால் எடுங்கோ!"

எடுத்தார். தேசிக்காய்கள் நசிந்தன. கார் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை. அவருடைய முகத்தைக் கண்ணாடிக்குள்ளால் கண்டேன், அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. மிதித்த கால் பெடலோடு அடிவரை போய்விட்டது.

"பிள்ளை, விலத்து!" என்று கத்தினேன். அவள் எப்படி விலத்துவாள், நிறைமாதக்காரி? அவர் ஸ்டியரிங்கை ஒடித்து, ஹான்ட் பிரேக்கை இழுத்தார். கார் வாழைக்குள் ஏறி, குலுங்கி, நின்றது. தட்டு நிலத்தில் கிடந்தது. கஜேந்தினிக்கும் காரின் மூலைக்கும் இடையில் ஒரு முழம் இருக்கும்.

கஜேந்தினிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அம்மா… தண்ணி போகுது."

குனிந்து பார்த்தேன். பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. மத்தியானத்திலிருந்தே இடுப்பில் குத்துவலி இருந்ததாம். அப்பா வேலையை முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளாம். தகப்பனைப்போலப் பொறுமை!

அம்புலன்சுக்குப் போன் அடித்தேன். பொங்கல் சனத்துக்குள் நிற்கிறதாம், வர முக்கால் மணித்தியாலம் ஆகுமாம். அக்கம்பக்கத்தில் ஒரு வாகனமும் இல்லை. அவர் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கார் ஓடமாட்டன் இரஞ்சிதம். என்ர பிள்ளையை நானே…"

பொறுக்கச் சொன்னது அவர், கத்தியது நான். கார்க் கதவைத் திறந்து அவருடைய இருக்கையில் இருந்தேன். என் வாழ்நாளில் அதில் இருந்ததில்லை.

"எது பிரேக்?"

"நடுவில இருக்கிறது."

மிதித்தேன். தொய்ந்து போனது. இரண்டாம் தரம் கொஞ்சம் தடுத்தது. மூன்று. நான்கு. ஐந்தாம் தரம் எழும்பி நின்று மிதித்தும் பெடல் அசையவில்லை.

"இறுகிட்டுது. வந்து நீங்களும் மிதிச்சுப் பாருங்கோ. நல்லா ஆறுதலாப் பாருங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

வந்து மிதித்தார். காரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினார். வாசல் படலை வரை ஓடி நிறுத்தினார். திரும்பவும் ஒருக்கால். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏறு பிள்ளை," என்றேன்.

நான்கு ஐம்பது. ராகுகாலம் பிறந்துவிட்டது. எந்தத் தேசிக்காயும் வைக்கவில்லை.

வற்றாப்பளைச் சந்தி தாண்டும்வரை நான் மூச்சு விட்டேனோ தெரியாது. ரோட்டு நிறையச் சனம். ஒரு காவடிக் கூட்டம் பறையோடு குறுக்கே வந்தது. கஜேந்தினி என் கையைத் திருகினாள். நான் கண்ணை மூடினேன், வாயை மட்டும் திறக்கவில்லை. கார் சத்தமில்லாமல் நின்றது. கூட்டம் போனது. கார் திரும்ப ஓடியது.

பெண்பிள்ளை. ஐந்து ஐம்பத்திரண்டு என்று தாதி எழுதித் தந்தார். வெளியே வாங்குப் பலகையில் இருந்த அவர் அந்தத் துண்டை வாசித்து, மணிக்கூட்டைப் பார்த்து, என்னைப் பார்த்தார். கிறீஸ் பிடித்த கை இன்னும் கழுவவில்லை.

"ராகுகாலம் முடிய எட்டு நிமிசம் இருந்திருக்குது. பேத்தி கொஞ்சம் பொறுத்திருக்கலாம்," என்றார், வலு மெதுவாக.

"அவள் ஏன் பொறுக்கோணும்?" என்றேன். அழுகை வந்துவிட்டது. "பொறும் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். நான்தானே பொறுக்கயில்லை."